ஒரு படி

எண்பத்து மூன்றாவது மூலக்கூறும்
தங்கையைத் தொட்டுவிட்டது.

நிறுத்த வேண்டியது அக்காவை மட்டும்.
கட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு
பெருகு, பெருகு என்று
ஓயாமல் கையெழுத்துப் போடுகிற நொதி அவள்.
தங்கைக்கு இதயத்தில் வேலை.
அவள் கையைப் பிடித்தால்
எலியின் ஈ.சி.ஜி. தாளம் தப்புகிறது.

இருவருக்கும் ஒரே முகவெட்டு.
மருந்து போய் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி
இருபத்திரண்டு அமினோ அமிலங்கள்.
இருபத்தொன்று அச்சு அசல்.
மிச்சம் ஒன்று
அக்காவுக்கு வாலின், தங்கைக்கு ஐசோலூசின்.
வித்தியாசம் ஒரு கார்பன்,
அதைப் பிடித்துத் தொங்கும் இரண்டு ஹைட்ரஜன்.

பூட்டும் சாவியும் என்று பள்ளியில் சொன்னார்கள்.
எந்தப் பூட்டு
சாவியைக் கண்டதும் நெளிந்து கொடுக்கும்?
மேல்விஷாரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து
படிகம் வளர்க்கிற தஸ்னீம்
திரையில் சுழற்றிக் காட்டுகிறாள்:
"இந்த மடிப்பு மூச்சு விடுது பாரு.
நீ தைக்கிறது நேத்து எடுத்த அளவு."

மே மாதம். காட்பாடியில் கரண்ட் மூன்று முறை போய் வந்தது.
சுழன்றுகொண்டிருந்த குடுவை பாதியில் நின்றது.
உள்ளே தேன் நிறத்தில்
என் இரண்டு வாரம்.

சாயங்காலம், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஷேர் ஆட்டோ.
வங்காள எழுத்துப் பலகைகள், கடுகெண்ணெயில் மீன்.
பக்கத்தில் மால்டாவிலிருந்து வந்த ஒருவர்,
மடியில் ஸ்கேன் உறை,
மகன் கையில் மடக்கிய சக்கர நாற்காலி.
லாட்ஜ் பெயர் சொன்னார்.
அந்தப் பெயரில் அங்கே இரண்டு உண்டு,
அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் வந்தது.
அதே பச்சைப் பெயின்ட், அதே கண்ணாடிக் கதவு.
டிரைவர் கண்ணில் பட்ட முதலாவதில் நிறுத்தினார்.

வாசலில் ஒரு படி.
ஒரு சாண்கூட இராது.
முன் சக்கரம் முட்டி நின்றது.
பையன் பின்னால் இழுத்து மறுபடி தள்ளினான்.
முட்டி நின்றது.
அடுத்த வாசலில் படி இல்லை, சிமென்ட் சரிவு.
நாற்காலி தானே உருண்டு உள்ளே போயிற்று.

அந்த மனிதர் கைப்பிடியை இறுக்கிப் பல்லைக் கடித்தபோது
நான் பார்த்துக்கொண்டிருந்தது சக்கரத்தை.
வெட்கமாகத்தான் இருந்தது.
இருந்தும் சத்துவாச்சாரி வரும்வரை அதே நினைப்பு:
இத்தனை நாளும் மூலக்கூறை இளைக்க வைத்தேன்,
எங்கும் இடிக்காமல் போகட்டும் என்று.
இளைத்தது எந்த வீட்டிலும் நுழையும்.
இடிக்க வேண்டும்.
தங்கை வாசலில் மட்டும் இடிக்க வேண்டும்.

எண்பத்து நான்கு:
மெத்தில் இருந்த இடத்தில் ஐசோபுரோப்பைல்.
தோளைக் கொஞ்சம் அகட்டி வைத்தது போல.
சமைக்கப் பதினோரு நாள்.
புதன்கிழமை கருவி எண்களைத் துப்பியது.
அக்காவுக்கு ஒன்பது நானோமோலார்.
தங்கைக்கு நாலாயிரத்துச் சொச்சம்.
தஸ்னீம் ஒன்றும் சொல்லவில்லை.
தன் டப்பாவின் பெரிய கறித்துண்டை எடுத்து
என் சாப்பாட்டில் வைத்தாள்.

வியாழக்கிழமை அது தண்ணீரில் கரையவில்லை.
குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது,
பேருக்கு ஆறு, பார்த்தால் மணல்
என்று நம் பாலாறு கிடப்பதைப் போல.

எண்பத்தைந்தை வரைகிறேன்.
வாலில் ஒரு நைட்ரஜன்,
தண்ணீர்ப் பக்கம் முகம் திருப்பி.

மால்டாக்காரருக்கு இது வந்து சேராது.
சேர்வதானாலும் பத்து வருஷம்.
அவருக்கு இப்போது சொட்டுச் சொட்டாக ஏறுவது
எல்லா வீட்டுக் கதவையும் உடைக்கிற பழைய மருந்து.
முடி, நகம், நாக்கின் ருசி,
எதையும் கேட்காது.

நேற்று அந்தச் சந்து வழியே வந்தேன்.
முதல் லாட்ஜ்காரர் படியின் மேல்
சாய்வாக ஒரு பலகை போட்டிருந்தார்.
நல்லதுதான்.
நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டே
நின்று அதன் சரிவை
கண்ணால் அளந்தேன்.